அண்ணனின் பிரஷர் ரெகுலேட்டர்

என் அண்ணன் மருதப்பனுக்கு ஐம்பத்து நான்கு வயது. லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்பவர்களுக்கு அவர் சொல்லும் காரணம் சில வருடங்களுக்கு ஒரு முறை மாறும். முதலில், வீடு வரட்டும் என்றார். ஈசூனில் நாலறை அடுக்குமாடி வீடு வந்தது. பிறகு, தங்கச்சிக்கு முடியட்டும் என்றார். எனக்குக் கல்யாணம் நடந்து, ஆறு வருடத்தில் அதுவும் முடிந்து, நான் அவர் வீட்டுக்கே பெட்டியோடு திரும்பி வந்தேன். அதற்குப் பிறகு கார் வாங்கினார். காரைப் பார்த்தவர்கள் யாரும் காரணம் கேட்கவில்லை.

சிவப்பு நிறத்தில், இரண்டே பேர் உட்காரும் ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். முப்பது வயதுக்கு மேல். துணிக் கூரையை மடக்கிப் பின்னால் தள்ளிவிடலாம். அண்ணன் ஆறடி உயரம். முதலில் ஒரு காலை உள்ளே விட்டு, பிறகு இடுப்பை இறக்கி, கடைசியில் தலையைக் கொண்டுபோவார். குடையை உறைக்குள் நுழைப்பதுபோல் இருக்கும்.

காரின் நம்பர் பலகையும் சிவப்பு, வரிச் சலுகை வண்டிக்கான அடையாளம். வாரநாளில் மாலை ஏழு மணிக்கு மேல்தான் சாலைக்கு எடுக்கலாம். சனி, ஞாயிறு நாள் முழுக்க ஓட்டலாம். மற்ற நேரத்தில் அண்ணன் அதைப் பார்க்க மட்டும் போவார். தினமும் வேலை விட்டு வந்ததும், ஒரு துணியை எடுத்துக்கொண்டு, "கீழ போயிட்டு வந்துர்றேன்" என்று கிளம்புவார். பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெண்மணி அவர் நாய் வளர்ப்பதாகவே இரண்டு வருடம் நினைத்திருந்தார்.

அப்படிப்பட்டவர் போன வருடம் இராசமலரைச் சந்தித்தார். தெம்பனிஸில் அவர் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கில் லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது. உள்ளே இராசமலர் ஒருவர்தான். பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க், நாற்பத்தெட்டு வயது. உள்ளே மாட்டிக்கொண்டவர் பயப்படாமல் இருக்கப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அண்ணனின் வேலை விதி. அண்ணனுக்குத் தெரிந்த பேச்சு ஒன்றுதான். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று நாற்பது நிமிடம் காரைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். கதவு திறந்ததும் இராசமலர் கேட்ட முதல் கேள்வி, "எங்க அந்தக் கார்?" அண்ணன் அன்று கம்பெனி வேனில் போயிருந்தார். அந்தக் குறை அவர் மனதில் அப்படியே இருந்துவிட்டது.

இராசமலருக்குச் சம்மதம். முடிவு சொல்ல வேண்டியவர் அவருடைய அண்ணன் ஜெயரத்தினம். அவரும் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்திலிருந்து பாட்டனார் காலத்தில் வந்த குடும்பம். மெதுவாகப் பேசுவார், எதையும் இரண்டு முறை படிப்பார். அவர்களுடைய மூத்த சகோதரியைக் கட்டியவருக்கு இதய நோய் இருந்ததைக் கல்யாணத்துக்கு முன்பு மறைத்துவிட்டார்கள். இரண்டே வருடத்தில் அவர் போய்ச் சேர்ந்தார். அதனால் ஜெயரத்தினத்துக்கு மாப்பிள்ளையின் சாதி, சம்பளம் எதுவும் பொருட்டில்லை. உடம்பு நன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். இந்தச் சனிக்கிழமை பத்து மணிக்கு அண்ணன் காரில் வந்து இராசமலரைத் தீமிதி நடக்கும் சைனாடவுன் மாரியம்மன் கோயிலுக்கு அழைத்துப் போவது, அவர்கள் திரும்பி வந்ததும் ஜெயரத்தினம் முடிவைச் சொல்வது என்று பேச்சு.

அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைதான் கார் கறுப்புப் புகை விட்டது. சூடானபின் அணைத்தால் மறுபடி கிளம்ப மறுத்தது. அண்ணனின் சட்டையில் நான்கு நாளாகவே பெட்ரோல் வாசம் வந்ததை நான் கவனித்திருந்தேன். சொல்லவில்லை. காரைப் பற்றி அவரிடம் குறை சொல்வது எளிதல்ல.

ஈசூன் தொழிற்பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் காதர் மைதீன் அண்ணனின் பள்ளித் தோழர். எஞ்சினில் ஒரு சின்ன ரப்பர் குழாயைப் பிடுங்கி முகர்ந்து பார்த்தார். காற்று மட்டுமே இருக்க வேண்டிய குழாயில் பெட்ரோல் ஈரம். பெட்ரோலின் அழுத்தத்தை அளவாக வைத்திருக்கும் ரெகுலேட்டரின் உள்ளே இருக்கும் ரப்பர்த் தோல் கிழிந்துவிட்டது, புதியது வெள்ளிக்கிழமை வரும், அரை மணி நேர வேலை என்றார். அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் அந்த ஒரு பேச்சுதான். சாப்பிடும்போது பிரஷர், தொலைக்காட்சி பார்க்கும்போது ரெகுலேட்டர்.

நான் பஃபலோ ரோட்டில் ஒரு பூக்கடையில் இருபத்திரண்டு வருடமாகப் பூக்கட்டுகிறேன். அங்கே நான் பேச வேண்டிய அவசியம் இல்லை. முதலாளியம்மா எல்லாருக்கும் சேர்த்துப் பேசிவிடுவார். வியாழக்கிழமை சாயங்காலம் அவர் உள்ளே போயிருந்த நேரம் பார்த்து ஜெயரத்தினம் வந்தார். வெள்ளிக்கிழமைப் பூசைக்குத் தாமரை வேண்டுமாம். தாமரையை எடுத்துக் கொடுத்தேன். அவர் போகவில்லை.

"சனிக்கிழமை எல்லாம் சரிதானேம்மா?"

பொய் சொல்லக்கூடாது. அதிகமாகவும் பேச வராது. "பிரஷர் ரெகுலேட்டர் போயிருச்சுண்ணே. நாளைக்கு மாத்திருவாங்க."

அவர் கை தாமரையின் மேல் நின்றது. "பிரஷரா? எப்பலேருந்து?"

"ஞாயித்துக்கிழமைதான் தெரிஞ்சுது. ஏறிக்கிட்டே போகுதாம்."

"எங்க வச்சு மாத்துறாங்க?"

"ஈசூன்லதான்." ஈசூனில் பெரிய ஆஸ்பத்திரி இருப்பது அப்போது என் நினைவில் இல்லை.

"யார் பண்றது?"

"காதர் மைதீன். கைராசிக்காரர்."

அவர் கடை வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வெளிய வைக்கிறதா, உள்ளயா?" என்றார்.

யோசித்துப் பார்த்தேன். "உள்ளதாண்ணே. ரொம்ப உள்ள. கை போறதே கஷ்டம்னு சொன்னாங்க."

எவ்வளவு நேரமாகும் என்றார். அரை மணி நேரம் என்றேன். இப்பல்லாம் எல்லாமே அரை மணி நேரம்தான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். போகும்போது, நேரத்துக்குச் சாப்பிடும்படியும் தைரியமாக இருக்கும்படியும் என்னிடம் சொன்னார். ஒரு காருக்காக இவ்வளவு கவலைப்படுகிறாரே, நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டு அடுத்த சரத்தை எடுத்தேன்.

மறுநாள் நான்கு மணிக்கு அண்ணன் பட்டறை ஆபீஸ் போனிலிருந்து கடைக்கு அழைத்தார். "உடனே வா. உன் விரல் வேணும்."

பட்டறைக்குப் போனபோது ஒரு பெரிய தோல்வி நடந்து முடிந்திருந்தது. காதர் மைதீன் தொழுகை முடித்து வந்து, செய்ய வேண்டியதை வரிசையாகச் செய்திருக்கிறார். பெட்ரோல் பம்புக்கு மின்சாரம் விடும் ரிலேயைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஓடவிட்டால், குழாயில் மிச்சமிருப்பதைக் குடித்துவிட்டுத் தானாக அணைந்துவிடும். அப்புறம் திறந்தால் பீய்ச்சி அடிக்காது. பிறகு பேட்டரி வயரைக் கழற்றியாயிற்று. பட்டறையில் எல்லாருடைய கைபேசியும் பிஸ்கட் டின்னுக்குள் போய்விட்டது. பெட்ரோலைத் திறக்கும்போது அது அவருடைய சட்டம். அதன் பிறகு, என் காரை நான்தான் தொடுவேன் என்று அண்ணன் குனிந்திருக்கிறார். இரண்டு போல்ட்டில் முன்னது வந்துவிட்டது. பின்னது எஞ்சினுக்கும் பின்சுவருக்கும் நடுவில். ஒரு மணி நேரமாக அண்ணனின் கை உள்ளே போகவில்லை, போன ஒரு தடவை வெளியே வரவில்லை.

"கையா இது, உலக்கை. லிஃப்ட்டுன்னு நினைச்சியா மருது, ஆள இறக்கிட்டு நீ உள்ள ஏறி நிக்கிறதுக்கு?" என்றார் காதர் மைதீன். அவருடைய கையும் அண்ணனுடையதைவிடச் சிறியதல்ல. அதை நான் கவனித்தேன், சொல்லவில்லை.

வளையலைக் கழற்றிவிட்டுக் கையை விட்டேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பூக்கட்டும்போதும் நான் விரலைப் பார்ப்பதில்லை. போல்ட்டின் தலை விரல் நுனியில் பட்டது. காதர் மைதீன் சின்ன ஸ்பேனரைக் கொடுக்க, கால் திருப்பு, கால் திருப்பாக அது இளகியது. ரெகுலேட்டர் கைக்கு வந்தது. குங்குமச் சிமிழைவிடக் கொஞ்சம் பெரிது. இதற்காகவா இந்தப் பாடு என்று இருந்தது.

அண்ணன் புதியதைக் கையில் வைத்துக்கொண்டு, போடு போடு என்று அவசரப்படுத்தினார். அது உட்காரும் ஓட்டையை விரலால் ஒருமுறை தடவினேன். மெத்தென்று ஏதோ பட்டது. தாமரை மொட்டுக்குள் புழு இருந்தால் இப்படித்தான் விரலுக்குத் தெரியும்.

"உள்ள என்னமோ இருக்கு," என்றேன்.

காதர் மைதீன் வளைந்த கம்பியால் கிளறி எடுத்தார். பழைய ரப்பர் வளையம், தனியாகக் கழன்று உள்ளேயே ஒட்டியிருந்தது. அதன் மேலேயே புதியதைப் பொருத்தியிருந்தால் பெட்ரோல் கசிந்து சூடான எஞ்சின்மேல் சொட்டும். அவர் அந்த வளையத்தை அண்ணனின் மூக்குக்கு நேரே ஆட்டிக் காட்டினார். "தீமிதிக்குக் கோயில் வரைக்கும் போயிருக்க வேணாம். வழியிலேயே ஆயிருக்கும்."

புதிய வளையத்துக்கு ஒரு சொட்டு எண்ணெய் தடவி, ரெகுலேட்டரை நேராக அழுத்தி, இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றி முறுக்கினோம். குழாய்களையும் ரிலேயையும் பேட்டரி வயரையும் மாட்டினோம். சாவியைப் போட்டதும் கார் கனைக்காமல் கிளம்பியது. புகை இல்லை. ஒரு வெள்ளைத் துணியைக் கீழே பிடித்துப் பார்த்தோம், ஈரமும் இல்லை. அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார், புகை இல்லாமலேயே.

பழைய சாமானைப் புதியதன் பெட்டியில் போட்டு வண்டிக்காரர் கையில் கொடுப்பது காதர் மைதீனின் வழக்கம். மாற்றியதற்கு அதுதான் அத்தாட்சி. அந்தப் பெட்டியை என்னிடம் நீட்டினார், வேலை செய்தது நான் என்று.

மணி ஆறுதான். ஏழாகும்வரை காரைச் சாலைக்கு எடுக்க முடியாது. உட்கார்ந்து தேநீர் குடித்தோம். பிஸ்கட் டின்னிலிருந்து கைபேசியை எடுத்த அண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இராசமலரிடமிருந்து ஐந்து அழைப்பு. ஜெயரத்தினத்திடமிருந்து ஒரு செய்தி. அண்ணன் என்னிடம் காட்டினார்.

"தம்பி, ஒரு சகோதரியின் வாழ்க்கையில் நடந்தது போதும். நாளை வர வேண்டாம். தங்கள் உடல்நலம் தேறப் பிரார்த்திக்கிறோம்."

அண்ணன் உடனே இராசமலருக்கு அடித்தார். எடுக்கவில்லை. "நான் என்ன பண்ணேன்?" என்று காதர் மைதீனிடம் கேட்டார். நான் "உடல்நலம்" என்ற சொல்லை இரண்டாவது முறை படித்தேன். பிறகு பெட்டியின் மேல் எழுதியிருந்த பிரஷர் ரெகுலேட்டர் என்ற சொற்களைப் படித்தேன். பூக்கடையில் நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் திரும்பி வந்தது. ரொம்ப உள்ள. கை போறதே கஷ்டம்.

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அன்று இரவு அண்ணன் சாப்பிடவில்லை, துணியை எடுத்துக்கொண்டு கீழேயும் போகவில்லை.

காலையில் குளித்துவிட்டு, கைப்பையில் பெட்டியை வைத்துக்கொண்டு அவர் அறை வாசலில் நின்றேன். "அண்ணே, என்னைத் தெம்பனிஸ்ல கொண்டுபோய் விடு."

நான் அந்தக் காரில் ஏறியதே இல்லை, எல்லாரும் பார்ப்பார்கள். ஏன் எதற்கு என்று கேட்டவரிடம், வண்டியில் சொல்கிறேன் என்றேன். விரைவுச்சாலையில் கூரையைத் திறந்துபோட்டு எழுபதில் போகும்போது எல்லாவற்றையும் சொன்னேன். காற்றில் அவருக்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கேட்காது என்று தெரிந்துதான் சொன்னேன்.

புளோக்கின் கீழே ஜெயரத்தினமும் இராசமலரும் அப்போதுதான் லிஃப்டைவிட்டு வெளியே வந்தார்கள். ஜெயரத்தினத்தின் கையில் ஆப்பிள் பழம் போட்ட பை. இராசமலர் அழுதிருந்தார். கையில் கஞ்சி வைத்த தூக்கு. ஈசூன் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியிருக்கிறார்கள். கல்யாணம் வேண்டாம் என்றாலும் நோயாளியைப் பார்க்காமல் இருக்கலாமா என்று இராசமலர் பிடிவாதம் பிடித்தாராம். அந்த நோயாளி சிவப்புக் காரிலிருந்து முதலில் தலை, பிறகு இடுப்பு, பிறகு கால் என்று வெளியே வந்துகொண்டிருந்தார்.

"தம்பி, நீங்க அசையாதீங்க," என்றார் ஜெயரத்தினம்.

நான் பெட்டியைத் திறந்து பழைய ரெகுலேட்டரை அவர் உள்ளங்கையில் வைத்தேன். "இதுதாண்ணே மாத்துனது."

ஒரு மனிதனின் நெஞ்சுக்குள்ளிருந்து இவ்வளவு பெரிய இரும்பா என்று ஜெயரத்தினத்தின் முகம் கேட்டது. இராசமலர் அதை வாங்கி முகர்ந்தார்.

"அண்ணா, பெட்ரோல் வாசம் அடிக்குது."

"காரோடது," என்றேன். "பிரஷர், காருக்கு."

அண்ணனுக்கு அப்போதுதான் எல்லாம் புரிந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இராசமலரும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. ஜெயரத்தினம் மட்டும் சிரிக்கவில்லை. பெட்டியின் மேல் எழுதியிருந்ததை இரண்டு முறை படித்தார். பிறகு தன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்து, தனக்குத்தான் இருபது வருடமாகப் பிரஷர் மாத்திரை என்றும், நேற்று இந்தக் கவலையில் அதைப் போட மறந்துவிட்டதாகவும் சொன்னார்.

பத்து மணிக்கு இராசமலர் காரில் ஏறினார். தூக்குக் கஞ்சியை மடியில் வைத்துக்கொண்டுதான் போனார். கீழே வைக்க இடமில்லை. இரண்டு பேர் கார் என்பதால் நான் வேலைக்கு எம்ஆர்டி ரயிலில் போக வேண்டியிருந்தது. நிலையம்வரை ஜெயரத்தினம் கூட வந்தார். ஆப்பிள் பையை என்னிடம் கொடுத்தார்.

படியருகில் நின்று, "தை மாசம் வச்சுக்கலாமா?" என்றார்.

முன்பென்றால் தலையை ஆட்டியிருப்பேன். "எதைண்ணே?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு நின்று, நிதானமாக, ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். "என் தங்கச்சி இராசமலருக்கும், உங்க அண்ணன் மருதப்பனுக்கும், கல்யாணம். காருக்கு இல்ல."