சிவப்பாக விழுந்த உருளைக்காடு

என் அப்பா வெள்ளியங்கிரி போன மாதம் இறந்தார். தாளவாடி மலைமேல் அங்கப்பன் என்பவரின் நிலத்தில் வாரத்துக்கு உருளைக்கிழங்கு போட்டவர். விளைச்சலில் பாதி நிலக்காரருக்கு, பாதி எங்களுக்கு.

பூச்சி மருந்து கலக்கிக் கலக்கி அம்மா செல்லாத்தாளுக்குக் கை நடுக்கம் வந்துவிட்டது. சோறு வாய்க்குப் போவதற்குள் சிந்தும். அதைப் பார்த்த பிறகு அப்பா அந்தக் காட்டில் விஷம் அடிக்க மறுத்தார். கம்பெனி ஒன்று விற்ற கடற்பாசிச் சாற்றைத் தண்ணீரில் கலந்து அடித்தார். வேர் நன்றாக ஓடும், செடி தாக்குப்பிடிக்கும் என்றார்கள்.

"இந்த ஒரு போகம் பாக்கறேன். வெளையலீன்னா பழையபடி மருந்துதான். ஆளும் வேற" என்றார் அங்கப்பன். ஊர் அப்பாவுக்குப் பாசித்தண்ணிக்காரன் என்று பெயர் வைத்தது.

1997 தை மாதம். செடி கரும்பச்சையாக நின்றது. கம்பெனி ஆள் சீனிவாசலு, செயற்கைக்கோள் எடுத்த படத்தோடு வந்தார். விளம்பரத்துக்கு வாங்கிய படம். அதை எப்படிப் பார்ப்பது என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சுற்றியிருந்த தரிசெல்லாம் சாம்பல் நீலம். எங்கள் காடு மட்டும் சிவப்பு.

"ஏப்பா, ரத்தமாட்டக் கெடக்குதே! என்னத்த அடிச்சே?" என்றார் அங்கப்பன்.

"செவப்புன்னா ஆகாததுதானுங்க. கருகல் நோயா இருக்கும்" என்றார் சீனிவாசலு.

"எலையில ஒரு பொட்டுக்கூட இல்லீங்களே" என்றார் அப்பா.

"ஆகாசத்துல இருந்து பாக்கறது பொய் சொல்லுமாப்பா? உன்ற பாசித்தண்ணிதான் பொய் சொல்லும்" என்றார் அங்கப்பன்.

அப்பா காட்டில் இறங்கி இலைகளைப் புரட்டிப் பார்த்தார். ஒன்றுமில்லை. ஆனாலும் படத்தை நம்பினார். நோய் இருக்கிறது, தன் கண்ணுக்குத்தான் எட்டவில்லை என்று நினைத்தார். நோய் மண்ணுக்குள் இறங்கும் முன் கிழங்காவது அழுகாமல் தப்பட்டும் என்று அவரே முதல் செடியை அறுத்தார்.

தோண்டியதெல்லாம் முதிராத கிழங்கு. கை பட்டாலே தோல் உரிந்தது. மேட்டுப்பாளையம் மண்டியில் கேட்க ஆளில்லாமல் மூட்டையிலேயே அழுகியது. அடுத்த போகத்துக்கு வேறு ஆள் வந்தார், விஷமும் வந்தது. அப்பா மதுக்கரைக்குச் சிமென்ட் மூட்டை ஏற்றப் போனார். இரண்டு வருடத்தில் நுரையீரல் கெட்டது.

அவர் கோவை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் செயற்கைக்கோள் படங்களை ஆராயும் தொலையுணர்வு மேற்படிப்பில் சேர்ந்திருந்தேன். ஒரு வகுப்பில் திரையில் அதே சிவப்பு விழுந்தது. மாலையே போய்ச் சொன்னேன்.

"செடி நல்லா இருந்தாத்தானுங்கப்பா அப்படிச் செவப்பா விழும்."

"பச்சைய எதுக்குக் கண்ணு செவப்பா அடிக்கறாங்க?"

"நல்ல செடி கண்ணுக்குத் தெரியாத ஒரு ஒளிய நெறையத் திருப்பி விடுங்கப்பா. அதைக் காட்ட ஒரு நிறம் வேணுமில்லீங்களா?"

"அதுக்குப் பச்சையே அடிச்சிருந்தா என்னவாம்?" சிரிக்கப் பார்த்தார். இருமல் வந்தது. அது அடங்கியதும் கேட்டார்: "அப்ப நம்ம காடு நல்லாத்தான் இருந்துச்சா?"

"ஆமாங்கப்பா. நோயே இல்லீங்க."

"நோவுன்னே நெனச்சுட்டுப் போயிருப்பேன், கண்ணு. என்ற கையாலதானே அறுத்தேன்."

கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.