சீஸ் வெட்ட ஒரு கத்தி

எண்பதுகளின் நடுவில் திண்டிவனத்தில் ஒரு பங்களாவில் எனக்குச் சமையல் வேலை கிடைத்தது. அரிசி ஆலைக்குப் புது மிஷின் பொருத்த வந்த வெள்ளைக்கார இன்ஜினியர் அங்கே தங்கியிருந்தார். எட்டாம் வகுப்போடு வீட்டை விட்டு, புரோட்டாக் கடை, கல்யாணச் சமையல் என்று கிடைத்த அடுப்பில் நின்றவன் நான். அந்த வேலையில் படுக்க ஓர் அறையும் இருந்தது. வேலை போனால் மறுபடி பஸ் ஸ்டாண்டு பெஞ்சுதான்.

இன்ஜினியர் பாண்டிச்சேரியிலிருந்து சீஸ் வாங்கிவந்து ஃபிரிட்ஜில் வைப்பார். காலையில் ரொட்டியோடு அது மெல்லிய வில்லைகளாக வேண்டும். எனக்கு முன்னால் இருந்த சமையல்காரர் வேலையை இழந்தது அந்தச் சீஸால்தான். வெட்டும்போது உதிர்ந்த தூளை அவர் குப்பையில் கொட்டியிருக்கிறார். கட்டி சீக்கிரம் குறைவதைப் பார்த்து, திருடித் தின்கிறார் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

"ஏம்பா, சீஸு கொறையாம பாத்துக்க. தொரை தெனம் தொறந்து பாக்கறாரு" என்றார் ஆலை மேனேஜர், முதல் நாளே.

நானும் காய்கறிக் கத்தியால்தான் வெட்டிப் பார்த்தேன். முதுகு தடித்த கத்தி. பாதி இறங்கியதும் கட்டி விறகு மாதிரிப் பிளந்தது. உதிர்ந்ததையெல்லாம் கிண்ணத்தில் சேர்த்து வைத்தேன், கேட்டால் காட்ட. திண்டிவனம் கடைகளில் மெல்லிய கத்தி அகப்படவில்லை. மதியமே விழுப்புரத்துக்குப் பஸ் ஏறினேன்.

மார்க்கெட்டில் பாத்திரக்கடை அம்மா கேட்டார், "என்னா வெட்டப் போற? மீனா, கறியா?"

"சீஸும்மா. பால்ல செய்யறது. சோப்பு மாதிரி இருக்கும்."

"சோப்ப வெட்டித் துன்றாங்களா? நீ அதுல குளிச்சிருந்தாலும் பரவால்ல."

சிரித்தபடியே துணி சோப்பு ஒன்றை எடுத்துப் பலகையில் வைத்தார். ஒவ்வொரு கத்தியாக இழுத்துப் பார்த்தேன். இரும்புக் கத்தி கறுப்புத் தடம் விட்டது. அகலமான எவர்சில்வர் கத்தியில் வில்லை அப்படியே ஒட்டிக்கொண்டது. குறுகிய, மெல்லிய அலகோடு ஒன்று இருந்தது. பிடி சற்று உயர்ந்து, விரல் பலகையில் இடிக்காமல் இருந்தது. அதுதான் சுத்தமாக இறங்கியது. ஆனாலும் லேசாக ஒட்டியது.

"பலாப்பழம் அறுக்கறப்ப என்னா பண்ணுவ? எண்ணயத் தடவிக்கினு அறுப்பா" என்றார். சரியாகத்தான் பட்டது.

மறுநாள் காலையில் புதுக் கத்தியின் அலகில் மல்லாட்டை எண்ணெயை, அதாவது கடலை எண்ணெயை, தடவி வெட்டினேன். கண்ணாடி மாதிரி வில்லைகள். ஒன்றுகூட உடையவில்லை. தட்டில் அடுக்கியபோதுதான் வாசனை மூக்கில் ஏறியது. செக்கில் நிற்பது போல இருந்தது.

அந்தத் தட்டை மேசையில் வைக்க முடியாது. குப்பையில் போட்டால் முந்தைய ஆள் கதைதான். நான் தின்றால் சொல்லவே வேண்டாம். குளியலறையில் தண்ணீர்ச் சத்தமும் நின்றுவிட்டது. கெட்டிலில் டீக்கு வைத்திருந்த வெந்நீரைக் கத்தியில் ஊற்றித் தேய்த்து, துடைத்து, கட்டியில் எண்ணெய் படிந்த முகப்பையும் சீவி எடுத்துவிட்டு, வேறு வில்லைகள் வெட்டினேன். சூடான அலகில் சீஸ் ஒட்டவே இல்லை. அந்த நேரத்தில் அதை நினைத்து மகிழத் தோன்றவில்லை.

இரண்டு தட்டுகளையும் கொண்டுபோனேன். மேனேஜரும் வந்து உட்கார்ந்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் அதை இன்ஜினியருக்கு இங்கிலீஷில் சொன்னார். இன்ஜினியர் எண்ணெய்த் தட்டை முகர்ந்து, என் பக்கம் தள்ளினார்.

"நீயே துன்னணுமாம். இங்கயே."

நின்றபடியே ஒரு வில்லையை வாயில் போட்டேன். உப்பு, புளித்த மோர், பச்சை எண்ணெய். விழுங்க நான் பட்ட பாட்டை இன்ஜினியர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சிரித்து, மேனேஜரிடம் ஏதோ சொன்னார்.

"இந்த மூஞ்சி சீஸு திருடாதுன்றாரு. போ, டீ எடுத்துனு வா."

மிஷின் ஓடத் தொடங்கி அவர் ஊருக்குப் போகும் வரை அந்த அறையில் படுத்தேன். கத்தியைத் தனியாக வைத்து, தினமும் முகர்ந்து பார்த்து, வெந்நீரில் நனைத்த பிறகே வெட்டினேன். போகப் போக இன்னொரு பயம் வந்தது. காலையில் கட்டியைப் பிரிக்கும்போது அந்த வாசனைக்கு வாயில் எச்சில் ஊறத் தொடங்கியது. ஒரு துணுக்கைக்கூடத் தொட்டதில்லை. ஆனால் தட்டை மேசையில் வைக்கும்போதெல்லாம் ஞாபகமாக முகத்தைச் சுளித்துக்கொள்வேன்.