மூன்று முறை அழைத்த குரல்

மாட்டுப் பொங்கல் நாள், பிற்பகல் மூன்று நாற்பது. கல்வராயன் மலையில், வெள்ளிமலையை அடுத்த ஓர் ஊரின் கபடித் திடலில் நான் முதலில் பார்த்தது ஒரு டிராக்டர் டிரைலரை. அதன் மேல், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில், மைக்கைப் பிடித்தபடி அப்பா நின்றிருந்தார். அப்போது அவருக்கு வயது அறுபத்தொன்று. அதுவரை ஒரு கபடி ஆட்டத்தைக்கூட அவர் முழுதாகப் பார்த்ததில்லை.

அப்பா தியாகதுருகத்தில், கரும்பு வெட்டும் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளி விடுமுறை நாட்களில் தாமும் வெட்டினார். பிறகு கள்ளக்குறிச்சி நீதிமன்றத்தில் அலுவலக உதவியாளர் வேலை கிடைத்தது. ஊர் வாயில் அதன் பெயர் டவாலி. வழக்கு எடுக்கும்போது வாசலில் நின்று உரியவரின் பெயரை மூன்று முறை அழைக்க வேண்டும். அழைத்தும் வராதவர் மீது வாரண்ட் போகலாம். அதனால் மூன்றாவது அழைப்பை மட்டும் அப்பா தெருப்பக்கம் வந்து, எதிரே இருந்த டீக்கடைக்கும் கேட்கும்படி சொல்வார். முப்பத்தொரு ஆண்டுகள் இப்படி அழைத்தார்.

ஓய்வு பெற்ற பிறகும் காலை பத்தரை மணிக்கு உடுத்திக்கொண்டு வாசலில் நிற்பார். அழைக்கத்தான் ஆள் இல்லை. அம்மாவைத்தான் அழைப்பார், அதுவும் மூன்று முறை.

"இன்னாங்க, வூட்டையே கோர்ட்டு ஆக்கிட்டீங்களா? அடுப்பாண்டதான நிக்கிறேன்! எதுக்கு இப்படிக் கத்திக்கினு இருக்கீங்க?" என்பார் அம்மா. அப்பா சிரித்துக்கொள்வார். நாளாக ஆக அழைப்பதும் குறைந்தது. அந்தக் குரல் வீட்டிலேயே அடங்கிவிடும் என்று நாங்கள் பயந்தோம்.

அந்தச் சமயத்தில்தான் பேருந்து நிலையத்தில் கோவிந்தன் அவரைப் பார்த்தார். மலையூர்க்காரர், நில வழக்கு ஒன்றுக்காகப் பல ஆண்டுகள் வந்துபோனவர். ஒரு முறை டீக்கடையிலிருந்து, அப்பாவின் மூன்றாவது அழைப்பைக் கேட்டு ஓடி வந்து தப்பியவர்.

"ஐயா, பொங்கலுக்குக் கபடி நடத்துறோம். நீங்கதான் மைக் புடிக்கணும்."

"எனக்குக் கபடியில இன்னாப்பா தெரியும்?"

"பேரு கூப்பிடத் தெரியும்ல? அது போதும்."

முதல் ஆட்டம் உள்ளூர் அணிக்கும் வடக்கனந்தல் அணிக்கும். வடக்கனந்தல் வீரர் சேகர் 'கபடி கபடி' என்று பாடிக்கொண்டு கோட்டைத் தாண்டினார். அப்பா நீதிமன்ற வழக்கப்படியே, "சேகர்... சேகர்... சேகர்..." என்று இழுத்து அழைத்துவிட்டு, பதிலுக்காக நிறுத்தினார். சேகர் பாட்டை விட்டுத் திரும்பி, "இங்கதாங்க இருக்கேன்! இன்னா?" என்றார். அந்த நொடியில் ஐந்து பேர் அவர் காலைப் பிடித்துவிட்டார்கள்.

திடல் சிரித்தது. வடக்கனந்தல்காரர்கள் சிரிக்கவில்லை. "ஆளு வச்சு ஏமாத்துறீங்களா?" என்று பாய்ந்தார்கள். நடுவர் அந்தப் பாட்டைச் செல்லாது என்று அறிவித்தார். அப்பா மைக்கைக் கீழே வைத்தார், டிரைலரை விட்டு இறங்கினார். "எல்லாம் கோர்ட்டோட போச்சுப்பா. வா, பஸ்ஸுக்குப் போலாம்" என்றார் என்னிடம்.

மண் ஒட்டிய உடம்போடு வந்து மறித்தவர் சேகர்தான். "எங்க போறீங்க? நல்லாத்தான இருந்துச்சு! ஆனா நான் கோட்டாண்ட நிக்கும்போதே கூப்பிட்டுடுங்க. உள்ள போனப்புறம் கூப்பிட்டீங்கன்னா திரும்பவும் மாட்டிக்குவேன்."

அப்பா மீண்டும் ஏறினார். பாடப் போகிறவர் கோட்டருகே நிற்கும்போதே பெயரை மூன்று முறை அழைத்தார். மூன்றாவதற்குக் கூட்டத்தில் யாரோ, "ஆஜர்!" என்று கத்தினார்கள். அடுத்த அழைப்புக்குத் திடலின் பாதி கத்தியது. அதற்கடுத்ததற்கு மரத்தின் மேல் இருந்தவர்களும் கத்தினார்கள். கடைசிப் பாட்டுக்கு இரு அணிகளும் சமநிலை. அழைப்பு, ஆஜர், பாய்ச்சல். நான்கு பேர் மேலே விழுந்து அமுக்க, சேகரின் விரல்நுனி நடுக்கோட்டைத் தொட்டது. நடுவர் விசில் ஊதுமுன் அப்பா டிரைலரில் குதித்துவிட்டார். தோற்ற உள்ளூர்க்காரர்களே அப்பாவைத் தோளில் தூக்கினார்கள்.

மலையிறங்கும் பேருந்தில் அப்பாவால் உட்கார முடியவில்லை. கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே பேசினார். "முப்பத்தோரு வருசம் கூப்பிட்டேன். அத்தன பேரும் பயந்துக்கினேதான் வந்தாங்க. இன்னிக்குதான் சிரிச்சிக்கினு வந்தாங்க."

அதன்பின் மூன்று பொங்கல்கள் அவர் மலையேறினார். மார்கழி பிறந்தாலே ஆட வரும் வீரர்களின் பெயர்களை மனப்பாடம் செய்வார். வெந்நீரில் உப்புப் போட்டுத் தொண்டையைக் கொப்பளிப்பார். வேலையில் இருந்த காலத்தில் அவரிடம் இத்தனை பரபரப்பை நான் கண்டதில்லை. முதுமை என்று நாங்கள் எண்ணியிருந்த ஆண்டுகளில்தான் அப்பா அதிகம் சிரித்தார்.

கடந்த ஐப்பசியில் நுரையீரல் நோய் அவரைப் படுக்க வைத்தது. பதினொரு நாள் மருத்துவமனையில் இருந்தவர் பிழைக்கவில்லை. இரவு பகல் பாராமல் கவனித்த மருத்துவருக்கும் செவிலியருக்கும், வாசலில் வரிசையாக நின்று வழியனுப்பிய நீதிமன்ற நண்பர்களுக்கும், முதல் பேருந்தில் மலையிறங்கி வந்தவர்களுக்கும், பாடைக்குத் தோள் கொடுத்த சேகருக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன்பட்டிருக்கிறது.

வரும் பொங்கல் ஆட்டத்துக்கான நோட்டீஸ் நேற்று அச்சாகி வந்தது. வர்ணனை என்ற இடத்தில் மலையூர்க்காரர்கள் இந்த முறையும் அப்பாவின் பெயரையே போட்டிருக்கிறார்கள்.