மாட்டுக் கசற்

அயன்பெட்டியால் சேட் மினுக்குகிறவர்கள் காலரில்தான் தொடங்குவார்கள். எமிலியானா கையில் தொடங்குவார். கசற்றின் முதல் பாட்டு இழுத்து இழுத்து வரும்; அதற்கு நீளக் கைதான் தோது. மேளம் விழுந்ததும் சேட்டைப் புரட்டி முதுகு. காலருக்கு வரும்போது பாட்டு தலைதெறிக்க ஓடும், அயன்பெட்டியும் ஓடும். இவ்வளவுக்கும் தோளோ இடுப்போ அசையாது, இடது கால் மட்டும் தரையைத் தட்டிக்கொண்டிருக்கும். "உடம்பை ஆட்டினால் சேட் எரிஞ்சுபோம் அண்ணை. அதுதான் காலாலை மட்டும் ஆடுறன்."

பலேர்மோவுக்குப் பக்கத்துப் பகேரியாவில் அவர் வேலை செய்யும் வீட்டுச் சின்யோராவின் மகன் லண்டனுக்குப் போகும்போது விட்டுப்போன கசற் அது. ஏதோ ஓர் இங்கிலாந்து இசைக்குழுவின் பாட்டுத் தொகுப்பு. பாதி கிற்றார், பாதி மெசின் மேளம். அட்டையில் ஒரு மாடு குடை பிடித்துக்கொண்டு நிற்கிறது. குழுவின் பெயரை எமிலியானா ஒருநாளும் எழுத்துக்கூட்டிப் பார்த்ததில்லை. அவருக்கு அது மாட்டுக் கசற். அடுத்த வளவில் தோட்டவேலை செய்யும் எனக்கோ, தகரக் கடைக்குள் மாடு புகுந்த சத்தம். சொல்லியும் பார்த்தேன். "உங்கடை காதுக்கு வயசு போட்டுது" என்றார். பின்னேரம் பலேர்மோ ரயிலுக்கு இருவரும் சேர்ந்து போவதால் அதற்குமேல் வாய் கொடுப்பதில்லை.

கசற்றின் முதல் பக்கம் சேட்டுகளுக்கு. அது டொக்கென்று நின்றதும் ஒரு கோப்பி. மறுபக்கம் கட்டில் விரிப்புகளுக்கு. பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். சின்யோராவுக்கு முழங்கால் வருத்தம். ஆகவே எமிலியானா விரிப்பின் ஒரு தொங்கலை அலுமாரிக் கதவுக்குள் கொடுத்து, கதவை இறுக்கிச் சாத்திவிட்டு, மற்றத் தொங்கலைப் பிடித்து இழுத்து மடிப்பார். "அலுமாரிதான் என்ரை கையாள். சம்பளமும் கேளாது, லீவும் கேளாது."

ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசையில் பாட்டுக்குழுவின் முன்வரிசையில் நிற்பவரும் இவர்தான். காணிக்கைப் பாட்டின்போது எனக்கு மட்டும் அந்த இடது கால் தெரியும். அது எந்த மேளத்துக்குத் தட்டுகிறது என்பது பூசை வைக்கிற சுவாமிக்குத் தெரியாதது புண்ணியம்.

கசற்றின் மறுபக்கத்தில் ஓரிடத்தில் பாடுகிறவன் ஓய்ந்துபோக, ஒரு பெண்குரல் துண்டுதுண்டாக வந்து விழும். எமிலியானாவுக்கு அது "இஞ்சை வா, இஞ்சை வா" என்று கேட்கிறது. அவர் சொன்னதைக் கேட்டுச் சிரித்தேன். இரண்டாம் தரம் எனக்கும் அப்படியே கேட்டுத் தொலைத்தது. நத்தார் லீவுக்கு வந்த சின்யோராவின் மகனிடம் விசாரித்தபோது, அது சொல்லே இல்லை, யாரோ ஒருத்தியின் குரலை மெசினில் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள் என்று விளக்கியிருக்கிறான். எமிலியானா மசியவில்லை. "வெட்டினது சரி அண்ணை. தமிழிலைதானே வெட்டியிருக்கிறாங்கள்!"

இந்தப் பகிடிக்காரிக்கு ஒரு மகள். பெயர் லக்ஷனா. கைக்குழந்தையாக மன்னாரில் தங்கையிடம் விட்டுவிட்டு வந்தவர். பிறகு சண்டை, தங்கை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முகாம் முகாமாக அலைந்தாள். இவரும் கணவர் கிறிகோரியும் விசாவுக்காகக் குவெஸ்தூராப் பொலிஸ் அலுவலகத்தின் படிகளைத் தேய்த்துத் தேய்த்து, ஒருவழியாகப் போன மாரியில் பிள்ளையை எடுப்பித்தார்கள். ஸ்தாசியோனே சென்ட்ராலேயில் ரயிலால் இறங்கிய ஒன்பது வயதுப் பிள்ளை, கூட்டி வந்தவரின் கையை விடாமல், எமிலியானாவைப் பார்த்து, சொல்லிக்கொடுத்த மரியாதையோடு கேட்டது: "சுகமா இருக்கிறீங்களோ அன்ரி?"

அன்றிலிருந்து அன்ரிதான். சாப்பாடு போதும் அன்ரி, பள்ளிக்கூடம் போட்டு வாறன் அன்ரி. அம்மா என்றால் அவளுக்கு மன்னாரில் இருக்கும் சித்திதான். எமிலியானா திருத்துவதில்லை. "அவள்தானே வளர்த்தவள். அந்தச் சொல் அவளுக்குத்தான் சேரவேணும்" என்று ரயிலில் ஒருநாள் சொல்லிவிட்டு, பகேரியாவிலிருந்து பலேர்மோ வரும்வரை யன்னல் பக்கமே திரும்பியிருந்தார். பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடவே அவருக்குப் பயம். தேவையென்றால் தானே எழுந்து அவளிடம் போவார். "கூப்பிட்டு அவள் வராட்டில்? அதைத் தாங்கேலாது அண்ணை." ஊர் முழுக்கக் கேட்கக் கதைக்கிற மனுசி, சொந்த மகளை ஒரு குரல் கூப்பிட மாட்டார்.

போன சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லாததால் பிள்ளையையும் வேலைக்குக் கூட்டிவந்திருந்தார். ரயிலுக்கு நேரமாகிறது என்று சொல்லப் போனேன். மினுக்கும் அறையில் மாட்டுக் கசற் மறுபக்கம் ஓடிக்கொண்டிருந்தது. அலுமாரிக் கதவு விரிப்பின் ஒரு தொங்கலைக் கவ்விக்கொண்டு நின்றது. லக்ஷனா வெளியே நடையின் அந்தக் கோடியில், சின்யோராவின் பூனையை மடியில் வைத்தபடி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தாள்.

பாடுகிறவன் ஓய்ந்தான். அந்தக் குரல் வந்தது.

பிள்ளை திரும்பிப் பார்த்தாள். பூனையை இறக்கி வைத்தாள். நடை முழுவதும் நடந்து வந்து மேசைக்கு முன்னால் நின்றாள்.

"கூப்பிட்டனீங்களோ?"

அன்ரி இல்லை. அம்மாவும் இல்லை. வெறும் கேள்வி. கசற்றைக் காட்டிச் சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். எமிலியானாவின் இடது கால் நின்றிருந்தது.

"ஓம் பிள்ளை. நான்தான் கூப்பிட்டனான்."

அலுமாரிக் கதவைத் திறந்து, சிக்கியிருந்த தொங்கலை எடுத்து அவள் கையில் கொடுத்தார். இருவரும் எட்ட நின்று இழுத்தார்கள், நீளவாக்கில் மடித்தார்கள். பிறகு பிள்ளை தன் தொங்கலோடு நடந்து கிட்ட வந்து, தாயின் கைக்குள் அதை வைத்தாள். இரண்டு கையும் முட்டின. ஓரத்தோடு ஓரம் ஒரு நூல் பிசகவில்லை. ரயிலை நான் மறந்துபோனேன்.

எமிலியானா அந்த விரிப்பை ஒரே உதறாக உதறி முழுவதையும் விரித்தார்.

"வடிவா மடிபடேல்லை. போய் அந்தத் தொங்கலைத் திரும்பப் பிடி."