கூப்பிட்டால் வருகிற ஆள்

என் சித்தப்பாவுக்குக் கணினி தெரியும் என்பதில் எங்கள் ஈப்போ வீட்டில் யாருக்கும் சந்தேகமில்லை, அவர் உட்பட. சுட்டியைத் தொடுவது சோம்பேறிகளின் வேலை என்பார். கறுப்புத் திரையில் கட்டளை தட்டித்தான் எதையும் செய்வார்.

அத்தையின் கல்யாணத்துக்கு முதல் நாள். மண்டபத்தில் காட்ட வேண்டிய படங்கள் அவருடைய பழைய மடிக்கணினியில் இருந்தன. அதில் ஒன்று தாத்தா: கோலா கங்சார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், இரவல் கோட்டோடு. அவருக்கென்று இருந்ததே அந்த ஒரு படம்தான். அசல் வீடு மாறும்போது தொலைந்துவிட்டது. அப்பா இல்லாத கல்யாணத்தில் படமாவது இருக்கட்டும் என்று அத்தை ஆசைப்பட்டார்.

இடம் போதவில்லை என்று எதையோ அழிக்கப்போன சித்தப்பா, கட்டளை நிரல்கள் இருந்த கோப்புறையையே அழித்துவிட்டார். படங்கள் இருக்கின்றனவா என்று பார்க்க, பட்டியல் காட்டும் 'எல்எஸ்' கட்டளையைத் தட்டினார். 'நாட் ஃபவுண்ட்', அப்படியொன்று இல்லை, என்றது திரை. மறுபடி தட்டினார். அதே பதில்.

"எல்லாம் போச்சு லா" என்று தலையில் கைவைத்துக்கொண்டார்.

கை நிறைய மருதாணியோடு அத்தை வந்து நின்றார். "என்னடா, அப்பா இருக்காரா இல்லையா?"

சித்தப்பா ஏதோ நப்பாசையில், கோப்புறை மாறும் 'சிடி' கட்டளையைத் தட்டிப் படக் கோப்புறைக்குப் போய்ப் பார்த்தார். போக முடிந்தது! கொஞ்சம் யோசித்து, 'எக்கோ' என்று தட்டி ஒரு நட்சத்திரக் குறி போட்டார். படங்களின் பெயர்கள் வரிசையாக வந்தன. தாத்தா பெயரும்.

"சிடி, எக்கோ ரெண்டும் வீட்டு ஆளுங்கக்கா, உள்ளேயே இருக்கும். எல்எஸ் வெளியாளு, கூப்பிட்டாத்தான் வரும். வெளியாளுங்கதான் போயிட்டாங்க. அப்பா இருக்காரு லா!"

அத்தை மருதாணியை மறந்து அவர் தலையில் குட்டினார். படங்களை வேறு கணினிக்கு மாற்ற, சித்தப்பா வன்வட்டைக் கழற்றிக்கொண்டு நண்பரின் கணினிக் கடைக்கு ஓடினார். மறுநாள் திரையில் தாத்தா வந்ததும் மண்டபமே அழுதது. எனக்குப் பசித்தது.

கல்யாணம் முடிந்து அத்தை லூமுட்டில் இருந்த மாமா வீட்டுக்குப் போனார். அடுத்த நாள் காலையில், திரையிலிருந்து தலை நிமிராமல் சித்தப்பா வழக்கம்போலக் குரல் கொடுத்தார். "அக்கா, தேத்தண்ணி!"

அடுப்படியில் சத்தமே இல்லை. எனக்கு ஒரே குஷி. "நாட் ஃபவுண்ட், சித்தப்பா!" என்று கத்தினேன்.

எப்போதும் என் பகடிக்கு முதலில் சிரிப்பவர் அவர்தான். அன்று ஏன் எழுந்து வெளியே போனார் என்று எனக்கு விளங்கவே இல்லை.