மைக் வேண்டாத தொண்டை

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலையில் தூத்துக்குடி பேருந்து நிலையத்தில் திருப்பூர் வண்டிக்காக நின்றபோது என் பையில் இரண்டு வேட்டி, மூன்று சட்டை, அரைக்கிலோ சுக்குக் கருப்பட்டி, ஒரு பிரசங்கம் ஆகியவை இருந்தன. பிரசங்கம் தாழ்மையைப் பற்றியது. ‘தாழ்ந்திரு, தாங்கியிரு, தாகமாயிரு’ என்று மூன்று பிரிவு. மூன்றும் ‘தா’வில் தொடங்குவதைக் கண்டுபிடித்த அன்று எனக்கே என்மேல் மரியாதை கூடிவிட்டது. தாழ்மையைப் பற்றி இதைவிட உயர்வாக எவனும் பேச முடியாது என்று என் மனைவி கிரேஸிடம் சொன்னேன். அவள் கருப்பட்டியைப் பொட்டலம் கட்டினாள்.

எனக்குச் சாயர்புரத்தில் பலசரக்குக் கடை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கிறிஸ்தவக் கோயிலில் சம்பளம் வாங்காத பிரசங்கியார். கோயில் மணிக்கு அடுத்தபடியாக எங்கள் ஊரில் பெரிய சத்தம் என் சத்தம்தான். மைக் வைத்தால் நான் கையால் தள்ளி வைத்துவிடுவேன். அந்தப் பெயரைக் கேட்டுத்தான் திருப்பூரிலிருந்து அழைப்பு வந்தது.

அழைத்தவன் ஞானராஜ். எங்கள் தெருப் பையன்தான், பிழைப்புக்காகத் திருப்பூர் போய் இன்று ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். எங்கள் ஊர்ப்பக்கத்துக் குடும்பங்கள் சில சேர்ந்து முதலிபாளையத்தில் ஒரு பழைய குடோனில் ஞாயிறுதோறும் ஆராதனை நடத்துகிறார்கள். குடோன் அவனுடைய முதலாளி செல்லமுத்துவுக்குச் சொந்தம். அவர் கொங்குநாட்டு விவசாயக் குடும்பம், இந்து. வாடகை வாங்காமல் கொடுத்திருந்தார்.

“இப்போ சிக்கலாயிட்டு அண்ணாச்சி” என்றான் ஞானராஜ் போனில். “சத்தம் ரொம்ப இருக்குன்னு பக்கத்து வீட்டுக்காரங்க சொல்லி, மொதலாளி மைக்கை எடுக்கச் சொல்லிட்டாவ. வார ஞாயித்துக்கிழமை அவரே வந்து பாக்காராம். பாத்துட்டுத்தான் குடோன் நமக்கா இல்லியான்னு சொல்லுவாராம். மைக் இல்லாம கடைசி ஆளு வரைக்கும் கேக்கணும்னா, உங்க தொண்டை ஒண்ணாலதான் முடியும். நீங்க ஒரு போடு போட்டியள்னா அவரு மனசு இளகிரும்.”

சத்தம் என்று புகார் வந்த இடத்துக்கு, மைக்கைவிடப் பெரிய சத்தம் ஒன்றை வரவழைக்கிறோம் என்பது அவனுக்கும் உறைக்கவில்லை, எனக்கும் உறைக்கவில்லை. “நான் பார்த்துக்கிடுதேன்” என்று சொல்லிவிட்டேன்.

கட்டணம் நூற்றுப் பத்து ரூபாய். மதுரை, திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாக சுமார் முந்நூற்று முப்பது கிலோமீட்டர். சன்னலோரம் பிடித்துக்கொண்டேன். தாராபுரத்துக்கு முன்பே காற்று ஆளைத் தூக்க ஆரம்பித்தது. வெளியே காற்றாலைகள், கிளுவை முள் வேலி போட்ட மேய்ச்சல் காடுகள், அவற்றில் தலையை நிமிர்த்தாத செம்மறியாடுகள். பக்கத்தில் ஒரு விவசாயி, மடியில் துண்டால் மூடிய கூடையோடு உட்கார்ந்திருந்தார்.

“ஏனுங்க, சன்னலைக் கொஞ்சம் சாத்திக்கலாமுங்களா? ஆடி முடிஞ்சும் காத்து அடங்கலீங்க. தொண்டைக்கு ஆகாதுங்க” என்றார்.

“நம்ம தொண்டைக்கு ஒண்ணும் ஆகாதுய்யா” என்றேன்.

“அப்படீங்களா” என்று சொல்லித் தன் காதைத் துண்டால் கட்டிக்கொண்டார். என்ன மரியாதை இந்த ஊர்க்காரர்களுக்கு! முட்டாள் என்று சொல்வதைக்கூட ‘ங்க’ போட்டுத்தான் சொல்வார்கள் போலிருக்கிறது.

மாலையில் திருப்பூர். துணி உருளைகளை ஏற்றிய வண்டிகள் சந்துக்குச் சந்து முட்டிக்கொண்டு நிற்கின்றன. சாயத்தின் வாடை மூக்கில் ஏறுகிறது. கேட்டுக்குக் கேட்டு ‘ஆட்கள் தேவை’ என்று பலகை. எங்கள் ஊரில் வேலை இல்லை என்று சுற்றுகிற அத்தனை பேரையும் ஒரு லாரியில் ஏற்றி இங்கே கொண்டுவந்து கொட்டலாம் என்று தோன்றியது. டீ மூன்று ரூபாய். டீக்கடையில் ஒருவர் கொங்குத் தமிழ், ஒருவர் இந்தி, ஒருவர் அச்சு அசல் எங்கள் பக்கத்துச் சாத்தான்குளம். அங்கிருந்து டவுன் பஸ்ஸில் பத்து கிலோமீட்டர் போல முதலிபாளையம். ஞானராஜும் அவன் மனைவி எஸ்தரும் நிறுத்தத்திலேயே நின்றார்கள்.

“இப்போத்தான் அண்ணாச்சி எங்களுக்கு உசிரே வந்திச்சி” என்றாள் எஸ்தர். அவளும் அதே கம்பெனியில், தைத்து வருகிற பனியன்களில் குறை பார்க்கிற செக்கிங் வேலை. அன்று சாப்பாட்டுக்குப் பின் ஜெபிக்கும்போது, “உங்களுக்காக என்னது சொல்லி ஜெபிக்கட்டும் அண்ணாச்சி?” என்று கேட்டாள்.

“எனக்கென்ன? உங்களுக்காக ஜெபிக்கத்தானே நான் வந்திருக்கேன்” என்று கையை ஆட்டிவிட்டேன்.

சனிக்கிழமை காலை கம்பெனிக்குப் போனோம். செல்லமுத்து புதிதாக ஒரு நிட்டிங் மெஷின் வாங்கியிருந்தார். நூலை வாங்கிக்கொண்டு, துணியைக் குழாய் மாதிரி சுற்றிச் சுற்றிப் பின்னித் தள்ளுகிற இயந்திரம் அது. சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம் எல்லாம் வைத்தாயிற்று.

“வாங்க, வாங்க. பிரயாணமெல்லாம் சௌகரியமுங்களா?” என்று என்னை வரவேற்றார். வெள்ளை வேட்டி, ஒல்லியான மனிதர். “எங்க பூசை காத்தால முடிஞ்சுதுங்க. நம்ம ஞானராஜ் ஆளுங்களும் இந்த மெஷின்லதான் பொழைக்கோணும். நீங்களும் உங்க சாமிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க.”

உள்ளே ஏற்கெனவே ஏழெட்டு மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தம் காதில் விழவில்லை, நெஞ்சில் விழுந்தது. ஆனால் ஆட்கள் யாரும் கத்தவில்லை. ஒருவர் இந்தக் கோடியில் உதட்டை அசைக்கிறார். அந்தக் கோடியில் ஒருவர் தலையாட்டிவிட்டு நூல் எடுத்து வருகிறார். ஞானராஜ் என் காதருகே குனிந்து, “இங்க யாரும் கத்த மாட்டாவ அண்ணாச்சி. கத்தினா தொண்டைதான் போவும். உதட்டைப் பாத்தே பேசிக்கிடுவோம்” என்றான். பாவம், குரல் இல்லாதவர்களுக்கு அதுதானே வழி என்று நினைத்துக்கொண்டேன்.

“மெஷினையெல்லாம் செத்த நேரம் நிறுத்தச் சொல்லட்டுங்களா?” என்று செல்லமுத்து கேட்டார்.

அங்கேதான் நுணல் தன் வாயால் கெட்டது. “வேண்டாம், வேண்டாம். ஓடட்டும்” என்றேன். நாளைக்கு வரப்போகிற மனிதருக்கு இன்றைக்கே ஒரு முன்னோட்டம் காட்டிவிடலாம் என்ற எண்ணம். முகத்தை மேலே தூக்கி, கண்ணை இறுக மூடி, ஏழெட்டு மெஷின்களுக்கும் எதிராக என் ஒரு தொண்டையைத் திறந்துவிட்டேன். நடுவில் மூச்சு முட்டியது, விடவில்லை. பஞ்சுத் தூசி தொண்டையில் ஒட்டியது, விடவில்லை. ‘ஆமென்’ என்று முடித்தபோது ஏதோ நூல் அறுந்த மாதிரி உள்ளே ஒன்று தெறித்தது. கண்ணைத் திறந்து பார்த்தால் எல்லோரும் மரியாதையாகக் கைகட்டி நிற்கிறார்கள். எனக்குப் பரம திருப்தி.

மத்தியானம் குரல் கரகரத்தது. சாயங்காலம் கம்மியது. விளக்கு வைக்கிற நேரத்தில் சுத்தமாகப் போய்விட்டது. சுக்கு, மிளகு, கருப்பட்டி, உப்புத் தண்ணீர் எல்லாம் உள்ளே போயின. சத்தம் மட்டும் வெளியே வரவில்லை. எஸ்டிடி பூத்துக்குப் போய்க் கிரேஸைக் கூப்பிட்டேன். “யாரு? பேசுங்க. யாருங்க அது?” என்றாள். நான் ஊதினேன். கொஞ்ச நேரம் கவனித்துவிட்டு, “நீங்களா? கல்யாணமான நாள்லேருந்து இன்னைக்குத்தான் நான் பேசி நீங்க கேக்குறிய” என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்குத் திட்டவும் வழியில்லை.

ஞானராஜ் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை. குடோன் போனால் அவர்களுக்கு வேறு இடம் கிடையாது. வாடகைக்கு எடுக்க வக்கில்லை. வீடுகளோ பத்துக்குப் பத்து. எல்லோரும் என்னை நம்பி இருந்தார்கள். நானும் என்னைத்தான் நம்பி இருந்தேன். அன்றைக்கு எவ்வளவு பயந்தேன் என்பதை இங்கே ஒளிக்கவில்லை. விடியுமுன் மூன்று தடவை எழுந்து உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன்.

ஞாயிறு காலை. குடோன் நிறைந்திருந்தது. தரையில் போர்வைகளை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில், வாசலை ஒட்டி, பிளாஸ்டிக் நாற்காலியில் செல்லமுத்து. நான் எழுந்து நின்று வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. இன்னொரு முறை முக்கினேன். பெட்டியில் மாட்டிய பூனை மாதிரி ஒரு சத்தம் வந்தது. ஞானராஜ் தலையில் கைவைத்துக்கொண்டான்.

அப்போது முன்வரிசையில் இருந்த எஸ்தர் தன் உதட்டை விரலால் தொட்டுக் காட்டினாள். ‘இதை அசைச்சாப் போதும்’ என்று. பின்னால் இருந்தவர்கள் நெருக்கிக்கொண்டு முன்னே வந்தார்கள். அத்தனை கண்களும் நிமிர்ந்து என் வாயைப் பார்த்தன. இத்தனை வருடப் பிரசங்கத்தில் இப்படி ஒருவரும் என்னைப் பார்த்ததில்லை. என் சத்தத்தைக் கேட்டவர்கள் பெரும்பாலும் சுவரைத்தான் பார்ப்பார்கள்.

மூன்று ‘தா’க்களும் எங்கே போயினவோ தெரியவில்லை. குசுகுசுப்பாக, உதட்டை நன்றாக அசைத்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

“நேற்று நான் மெஷினோடு மல்லுக்கு நின்றேன். மெஷின் ஜெயித்துவிட்டது.”

சிரித்தார்கள். சத்தம் இல்லாத சிரிப்பு. எனக்குத் தைரியம் வந்தது.

“இந்தக் குடோனை என் தொண்டையால் உங்களுக்கு வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று கிளம்பி வந்தேன். ஆண்டவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருக்கே உதவி செய்ய வந்தவன் நான். இப்போது என் கையில் ஒன்றும் இல்லை. உங்கள் கையிலும் இல்லை. அவர் கையில் இருக்கிறது. அது போதும் என்று ஊரெல்லாம் பிரசங்கம் பண்ணினேன். போதுமா என்று நான் பார்த்ததே இல்லை. இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.”

அவ்வளவுதான். அதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. உட்கார்ந்தேன். அப்பாடா! தலைச்சுமையை இறக்கிவிட்டுக் கழுத்தைத் திருப்பிப் பார்க்கிறவனுக்கு இருக்குமே, அந்தச் சுகம். குடோன் கிடைக்குமா என்பது தெரியாது. ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டியவன் நான் இல்லை என்பது தெரிந்துவிட்டது. நான் மெல்லப் பேசியதால் அவர்களும் மெல்லவே பாடினார்கள். கைதட்டவில்லை. ஜெபமும் மூச்சு மாதிரி நடந்து முடிந்தது.

செல்லமுத்து எழுந்து வந்தார்.

“பக்கத்து லைன் வீடுகள்ல இருக்கறவிங்க நைட் ஷிப்ட் பாக்கறவிங்க. ஞாயித்துக்கெழமை காத்தாலதான் அவிங்களுக்குத் தூக்கமுங்க” என்றார். “பாட்டும் மைக்குமா இருந்தா என்ன பண்ணுவாங்க? எங்கிட்ட வந்து அழுவறாங்க. இன்னிக்கு ஒருத்தரும் எந்திரிச்சு வரலீங்க. இப்படியே நடத்தறதுன்னா குடோன் இருக்கட்டுங்க. நீங்களே வச்சுக்குங்க.”

எஸ்தர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் நிறைந்தது. அவர் என் பக்கம் திரும்பினார்.

“நானும் மெஷின் ஓட்டி வந்தவன்தானுங்க. நீங்க பேசுனது கடைசி நாற்காலிக்குக் கேக்கலீங்க. ஆனா உதட்டைப் பாத்தே அம்புட்டும் புரிஞ்சுதுங்க. நெம்ப நல்லா இருந்துது.” கொஞ்சம் தயங்கினார். “நேத்து மெஷின் முன்னால நீங்க மேல பாத்துக் கத்துனீங்களே, தப்பா நெனைக்காதீங்க, அதுல ஒரு வார்த்தைகூடப் புரியலீங்க. அடுத்த வருசமும் நீங்களே வரோணும். தொண்டை மட்டும் இப்படியே இருக்கோணுங்க.”

குடோனே சிரித்தது, அடக்கமாக. சுருக்கென்று ஒன்று குத்தியது உண்மை. அதுவும் என் சிரிப்பிலேயே கரைந்துவிட்டது. அன்று மத்தியானம் கறிக்குழம்பை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். யாரிடமும் பேச வேண்டியதில்லாத சாப்பாடு. எத்தனை ருசி!

திங்கட்கிழமை காலை ஞானராஜ் என்னை வண்டியேற்ற வந்தான். முகம் கழுவும்போதே எனக்குக் குரல் திரும்பியிருந்தது. நான் அவனிடம் சொல்லவில்லை. எங்கள் கோயிலை நினைத்துக்கொண்டேன். உயர்ந்த கூரை, நீளமான பெஞ்சுகள், நான் தள்ளி வைக்கிற மைக், நான் எழுந்ததும் தூங்கத் தயாராகிற கடைசி வரிசை. அவர்களை இத்தனை நாள் குறை சொன்னேனே!

பேருந்து நிலையத்தில் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. கண்டக்டர்கள் ஊர்ப் பெயர்களைக் கூவிக்கொண்டிருந்தார்கள். டிரைவர் ஏறிவிட்டார். சன்னலுக்குக் கீழே நின்றிருந்த ஞானராஜ் அண்ணாந்து என் முகத்தையே பார்த்தான். நான் கத்தவில்லை. உதட்டை மட்டும் அசைத்தேன்: ‘எனக்காக ஜெபம் பண்ணு.’

வாழ்நாளில் யாரிடமும் நான் கேட்டதில்லை அதை. அவனுக்குப் புரிந்ததா என்று பார்த்தேன். வண்டி புறப்படும் என்றுகூடப் பாராமல், அந்தக் கூட்டத்துக்கு நடுவிலேயே அவன் கண்ணை மூடிக்கொண்டான். பேருந்து பின்வாங்கி, திரும்பி, வாசலைத் தாண்டியது. நான் கையசைத்துக்கொண்டே இருந்தேன். அவன் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.