கொசுவக் கூரையும் ஒரு முழ நூலும்

1964. காலை ஆறு மணிக்கு ஆம்பூரில் ரயிலேறினேன். மடியில் ஒரு பலகை. அதன் மேல், கல்யாணப் பத்திரிகை அட்டையைப் புடவைக் கொசுவம் போல மடித்து நான் செய்த கூரை. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். கல் சுமந்து, மேஸ்திரியாகி, பதினெட்டு வீடு கட்டியவன். ஒன்றிலும் விரிசல் கிடையாது. தட்டை அட்டை ஒரு டம்ளரைக்கூடத் தாங்காது, மடித்தால் ஒரு கிலோ எடைக்கல்லைத் தாங்கும் என்பதை நாற்பது அட்டை பாழாக்கி நானே கண்டுபிடித்தேன். தூணில்லாத கூரை! ரயில் பெட்டியில் இருந்த அத்தனை பேருக்கும் சொல்லியாயிற்று.

ஜோலார்பேட்டையில் ஒரு தடவை, பங்காருபேட்டையில் ஒரு தடவை வண்டி மாறினேன். டீ பத்து பைசா. அங்கிருந்து தங்கச் சுரங்க ஊரான ஊரிகம் எட்டு மைல் போல இருக்கும். பதினொன்றரைக்கு இறங்கினேன். கடைத்தெருவுக்கு ஜட்கா எட்டணா. வழியெல்லாம் தங்கம் எடுத்தபின் கொட்டிய மண், குன்று குன்றாக.

மளிகைக்கடை கோவிந்தசாமி, கடைக்குப் பின்னால் தூணில்லாத கூடம் கட்டுவது பற்றிப் பேசக் கூப்பிட்டிருந்தார். வேலை எனக்குத்தான் என்று ஊரில் முன்கூட்டியே சொல்லிவிட்டு வந்திருந்தேன். அவர் மனைவி ராஜாமணியம்மாள் மிளகுப் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தார். பலகையில் சுவர்போல் அடித்திருந்த இரண்டு கட்டைகளின் மேல் நின்ற கூரையில் எடைக்கல்லை வைத்துக் காட்டினேன். தாங்கியது.

"பஸ்டு தாங்குமா மேஸ்திரி?" என்றார் கோவிந்தசாமி.

"நம்ம வேலை என்னிக்குமே பஸ்டுதாங்க. ரெண்டாவதுன்னு பேரே எடுத்ததில்ல."

சாமான் வாங்க வந்த ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். கோவிந்தசாமிதான் மெதுவாக விளக்கினார். சுரங்கத்துக்குள் பாறை வெடிப்பதற்கு இங்கே பஸ்டு என்று பேர். மேலே தரை குலுங்கும், சுவர் பிளக்கும். பழைய கூடம் அப்படித்தான் விழுந்ததாம்.

"ஓரத்துல கட்டையோட கோந்து போட்டு ஒட்டிகிறீங்களே, இன்னாத்துக்கு?" என்றார் ராஜாமணியம்மாள்.

தூக்கி வரச் சௌகரியம் என்றேன். பொய். ஒட்டாவிட்டால் நிற்காது என்று எனக்குத் தெரியும். அவர் கத்தியால் கோந்தை நெம்பி எடுத்துவிட்டுக் கல்லை வைத்தார். கொசுவம் விரிந்து படுத்துவிட்டது. பிறகு பொட்டல நூலில் ஒரு முழம் அறுத்து, மடிப்புகள் விரியாதபடி இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டி, மறுபடி கல்லை ஏற்றி, பலகையை ஓங்கித் தட்டினார். கூரை ஆடியது, விழவில்லை.

"காகிதம் விரியத்தாங்க பாக்கும். நூலு வுடாது" என்று சொல்லிவிட்டு மிளகுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நூலுக்குப் பதில் இரும்புக் கம்பி போடுங்கள் என்று கோவிந்தசாமி வேலையை எனக்கே கொடுத்தார். சாப்பிடக் கூப்பிட்டார்கள். இலை முன்னால் உட்கார முகமில்லை. மூன்று மணி வண்டிக்கு ஓடி வந்துவிட்டேன்.

ரயிலில் எதிரே இருந்தவர் நூலைத் தொட்டுப் பார்த்து, நல்ல யோசனை, யாருடையது என்றார். "என்னுதுதான்" என்றேன்.

கூடம் பல பஸ்டு பார்த்து இன்னும் நிற்கிறது. கேட்பவர்களுக்கெல்லாம் இதுவரை அதே பதில்தான் சொன்னேன். அதற்கு முன் ஆம்பூரில் நான் கட்டிய பதினெட்டு வீடும் நிற்கின்றன. இங்கே தரை அசைந்ததே இல்லை.